பார்த்துத் தீராதவர்

அவரைப் பற்றி எங்கள் தெருவில் எழுந்த முதல் புகாரே, அவர் பார்க்கிறார் என்பதுதான்.

தென்காசியில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் இருக்கிற அந்தத் தெருவுக்கு, மனைவியோடும் ஒரே மகளோடும் என் பக்கத்து வீட்டுக்கு அவர் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எதிர்வீட்டுப் பெண் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது இவர் தன் மாடியில் நின்று அவளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவள் கீழே இறங்குகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லையாம். அவள் கணவன் சவூதியில் இருந்தான். அவளுடைய மாமியார் என்னைத் தேடி வந்துவிட்டார்.

"நீங்க பக்கத்து வீடுல்லா. போயிப் பதமாச் சொல்லுங்க. பொம்பளப் பிள்ளைய வச்சிருக்க ஆளு, இப்படிப் பாக்கலாமா? எம்மவன் காதுல விழுந்தா சும்மா இருக்க மாட்டான்."

போனேன். எனக்கும் புதியவர், என்னைவிட வயதில் மூத்தவர். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், காற்று, மழை என்று சுற்றிவளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தேன். அவர் கோபப்படவில்லை. முகத்தில் நிஜமான திகைப்பு.

"அந்தப் பிள்ள அங்கன நின்னுச்சா? நான் மலையல்லா தம்பி பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் நம்பவில்லை. என்னை மாடிக்குக் கூட்டிப்போய் அவர் நின்ற இடத்திலேயே நிறுத்தினார். எதிர்மாடி, அதில் கொடிக்கயிறு, அதற்கு நேர் பின்னால் குற்றாலத்து மலை. அங்கே நின்று மலையைப் பார்க்கிற எவனும் அந்தப் பெண்ணைப் பார்க்கிறவன் போலத்தான் தெரிவான். அது சரி. ஆனால் மலையைப் பார்க்கிறவன் கண்ணில் முன்னால் நிற்கிற ஆள் எப்படிப் படாமல் போகும் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

அவரே எதிர்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அதிலும் ஒரு கோளாறு. அந்த அம்மாள் அவருக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டிருக்க, இவர் ஆளில்லாத நடைக்கதவைப் பார்த்துக் கும்பிட்டு, "மன்னிச்சுக்கிடணும் ஆச்சி" என்றார். பிறகு தலையைத் திருப்பித் திருப்பித் தேடி ஒருவழியாக அவரைக் கண்டுபிடித்தார். "மன்னிப்புக் கேக்க வந்தவரு மூஞ்சியப் பாத்துக் கேக்கக் கூடாதா? என்ன கெத்து!" என்று அந்த அம்மாள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவர் மனைவியை மதினி என்பேன். அண்ணாச்சிக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடையில் வேலை. விடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். காய்களைக் குவித்துப்போட்டு, பழுத்தது, பழுக்கப்போவது, சென்னைக்குத் தாங்குவது, கேரளாவுக்குப் போதுமானது என்று ரகம் பிரிக்க வேண்டும். சாயங்காலம் திரும்பி வரும்போது சட்டையெல்லாம் எலுமிச்சை மணக்கும். பையில் எப்போதும் நாலைந்து காய் இருக்கும். தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்.

அவரோடு பழகப் பழகத்தான் அவர் பார்க்கிற விதம் எனக்குத் தெரியவந்தது. டீக்கடையில் மாஸ்டர் பாலை ஆற்றினால், கிளாஸ் கைக்கு வந்த பிறகும் அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். வீட்டில் மதினி அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து வெங்காயம் அரிந்தால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். ஒருமுறை என் பைக்கின் முன்சக்கரத்தில் காய்ந்துபோயிருந்த சேற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன அண்ணாச்சி இருக்கு?"

"இருக்குல்லா தம்பி. அதான் பாக்கேன்."

எதைக் கேட்டாலும் இதுதான் பதில். பெரிய தத்துவம் பேசுகிறோம் என்ற பாவனை எல்லாம் கிடையாது. பசிக்கிறவன் சாப்பிடுகிறேன் என்று சொல்வதுபோலச் சொல்வார்.

சாரல் காலத்தில் ஒருநாள் குற்றாலம் போனோம். மெயின் அருவியில் கூட்டம் நெரிந்தது. நான் துண்டோடு வரிசையில் நின்றேன். அவர் வேட்டி சட்டையோடு ஓரமாக நின்று, தண்ணீர் விழுவதையும் எண்ணெய் வழியும் தலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் குளிக்கிற பக்கம் அதிகத் தூரமில்லை. ஒரு போலீஸ்காரர் வந்து, "குளிக்கணும்னா குளிங்க, இல்லன்னா இடத்தக் காலி பண்ணுங்க. என்ன வேடிக்க?" என்று விரட்டினார். அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் நகர்ந்தார். நகர்ந்த வேகத்தில் பக்கத்தில் நின்ற ஒரு குழந்தையைத் தட்டிவிட்டார். குழந்தை விழுந்து அழுதது. அதன் அப்பன் இவர் சட்டையைப் பிடித்துவிட்டான். நான் சோப்பு நுரையோடு ஓடிவந்து விலக்கினேன்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அவர் சட்டைக் கசங்கலை நீவிக்கொண்டே வந்தார். பிறகு, "பிள்ளைக்கு அடியொண்ணும் இல்லையே?" என்று மட்டும் கேட்டார்.

இப்படித்தான் அவர் திமிர் பிடித்தவர் என்றும், கண்டபடி பார்க்கிறவர் என்றும் ஒரே நேரத்தில் பெயர் வாங்கினார். பழகியவர்கள் கை நீட்டினால் நீட்டிய கை அப்படியே நிற்கும். பக்கத்திலிருந்து டம்ளரை நீட்டினால் வாங்க மாட்டார். திறந்து கிடக்கும் அலமாரிக் கதவில் இடித்துக்கொள்வார். முழங்காலில் எந்நேரமும் ஒரு காயம் இருக்கும். மதினி அவர் வருவதற்கு முன்னாலேயே வாசலில் கிடக்கும் செருப்பு, வாளி, முக்காலி எல்லாவற்றையும் சுவரோரம் ஒதுக்கிவைப்பதை நான் பலநாள் பார்த்திருக்கிறேன். சுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு கார்த்திகை மாதச் சாயங்காலம், பஸ் இறங்கி வந்தவர், தெருமுனையில் மூடி எடுத்துப்போட்டிருந்த சாக்கடைக்குள் விழுந்தார். எல்லோரும் சுற்றிப் போன குழி அது. நானும் இன்னொருவரும் தூக்கினோம். நெற்றி கிழிந்திருந்தது. "குடிச்சிருக்காரோ?" என்றார் கூட வந்தவர். ஆஸ்பத்திரியில் தையல் போடும்போதுதான் மதினி என்னிடம் சொன்னார்.

"மாமாவுக்கு ராத்திரி ஆனா கண்ணு தெரியாது தம்பி. சின்ன வயசுலருந்தே மாலைக்கண்ணு. எங்க தாத்தாவுக்கும் அப்படித்தான். முருங்கைக்கீரை குடுக்கேன், மீனெண்ணெய் மாத்திர குடுக்கேன். இப்பப் பகல்லயும் ரெண்டு பக்கமும் தெரியலங்காரு."

மதினி அவரை மாமா என்று கூப்பிடுவது வெறும் வழக்கம் இல்லை. அவர் உடன்பிறந்த அக்காளின் மகள்தான் மதினி.

மதுரைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பொறுமையானவர். சொட்டுமருந்து விட்டு, ஒளியடித்துப் பார்த்து, கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கண்ணின் உள்திரை ஓரத்திலிருந்து பட்டுப்போய்க்கொண்டே வருகிறது, நடுவில் ஒரு வட்டம்தான் மிச்சம் இருக்கிறது, அதுவும் சுருங்கும் என்றார். கீரையாலும் மாத்திரையாலும் ஆகிற காரியம் இல்லை. இன்றைக்கு மருத்துவத்தில் இதற்கு வழி இல்லை.

"சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார்.

"ஆமா சார். அக்கா மக."

"குழந்தை இருக்கா? ஒருதடவை கூட்டிக்கிட்டு வாங்க. பார்த்துடலாம்."

அண்ணாச்சி தலையாட்டினார். கூட்டிக்கொண்டு போகவில்லை. வருகிற வழியில் பஸ்ஸில், "மருந்து இருக்குன்னா கூட்டிட்டுப் போலாம். இல்லங்காரு. பெறகு எதுக்கு அந்தப் பிள்ளைக்கிட்டப் போயிச் சொல்லணும்?" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு தென்காசி வருகிற வரைக்கும் அவர் தலை ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. வெளியே பருத்திக்காடும் காற்றாலைகளும்தான். அவர் ஏன் எதையும் அப்படிப் பார்த்தார் என்பது அந்தப் பயணத்தில் எனக்குப் புரிந்தது. குழாய்க்குள் இருந்து பார்க்கிறவர் அவர். ஒரு மலையை அவர் துண்டுதுண்டாகத்தான் பார்த்துச் சேர்க்க வேண்டும். அதற்குள் எதிரே நிற்கிற ஆள் தெரியாமல் போய்விடுகிறான்.

மகளின் பெயர் சங்கரி. அப்போது பத்தாம் வகுப்பு. வாயாடாத பெண். யார் வீட்டுக்குப் போனாலும் வாசல்படியில் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவாள். நாங்கள் அதை அடக்கம் என்று நினைத்தோம்.

மதுரையிலிருந்து வந்த பிறகு அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம் வந்தது. விளக்குப் போடுகிற நேரத்துக்குச் சற்று முன்னால், வீட்டுக்குள் மங்கலாக இருக்கும்போது, பையிலிருந்து ஓர் எலுமிச்சங்காயை எடுத்துத் தரையில் போடுவார். அது உருண்டு போய் எங்காவது நிற்கும்.

"ஏட்டி சங்கரி, காயி விழுந்துட்டு. எடுத்துக் குடு."

அவள் வந்து எடுத்துக் கொடுப்பாள். அவருக்கு அந்த வெளிச்சத்தில் அவளையே தெரியாது. அதனால் நான் இருக்கிற நேரமாகப் பார்த்து அதைச் செய்வார். அவள் அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்துத் தாழ்ந்த குரலில் கேட்பார்.

"தம்பி, அவ நேராப் போயி எடுத்தாளா, தடவி எடுத்தாளா?"

"நேராத்தான் எடுத்தா அண்ணாச்சி."

நான் பார்த்ததைத்தான் சொன்னேன். அவள் நேராகப் போய்க் குனிந்துதான் எடுத்தாள். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் இறுக்கம் தளரும். பிறகு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருப்பார். மதினியிடம் இன்னொரு காப்பி கேட்டு வாங்கிக் குடிப்பார்.

மலைமேல் இருக்கிற ரெட்டைச்சுனையைப் பற்றி அவர் பேசத் தொடங்கியது அந்தச் சந்தோஷ நாள்களில்தான். சுனை என்றால் பாறைக்குழியில் தேங்கிய தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. அருவிகளுக்கெல்லாம் மேலே, காடு முடிந்து புல்மேடு தொடங்கும் இடத்தில், ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிடக்கிற இரண்டு ஏரிகள் அவை. ஆள் நடமாட்டமே இல்லாத இடம். இளவயதில் கூட்டாளிகளோடு பார்க்கப் புறப்பட்டிருக்கிறார். இருட்டோடு கிளம்பியதால் வழியெல்லாம் தட்டித் தட்டி விழுந்திருக்கிறார். "இவன் பொம்பளையாட்டம் நடக்கான்" என்று சிரித்து, அவரைச் செண்பகாதேவி அருவியில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் போய்விட்டார்கள். சாயங்காலம் இறங்கி வந்து, மேலச்சுனை நீலம், கீழச்சுனை பச்சை, இரண்டிலும் மேகம் நகர்வது தெரியும் என்று சொன்னார்களாம். அவர் என்னிடம் அதைச் சொல்லும்போது தானே பார்த்தது போலச் சொல்வார். பிறகு, "நான் பாக்கல" என்று முடிப்பார்.

"இப்பப் போனா எனக்குத் தெரியும் தம்பி. பகல் வெளிச்சத்துல பைய நடந்தாப் போயிருவேன். இன்னும் கொஞ்ச நாள் போச்சுன்னா முடியாது. சங்கரிக்கும் காட்டுன மாதிரி இருக்கும்."

முன்பெல்லாம் மாதிரி நினைத்தபோது மலையேற முடியாது. வனத்துறையில் நாலைந்து தடவை போய்க் கேட்டு, தைப்பொங்கல் முடிந்த பிறகு ஒரு நாளைக்கு அனுமதி கிடைத்தது. கூட ஒரு வாட்சர் வருவார். அவர் சொல்கிற நேரத்துக்கு இறங்கிவிட வேண்டும். அண்ணாச்சி, மதினி, சங்கரி, நான், வாட்சர். ஐந்து பேர்.

அன்று காலையில் மலை அவ்வளவு தெளிவாக இருந்தது. ஊரிலிருந்தே பாறை மடிப்புகள் தெரிந்தன. அண்ணாச்சி புதுச் செருப்பு வாங்கியிருந்தார். மதினி புளியோதரையும் துவையலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வாட்சர் குடும்பத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி நடந்துருவாரா?" என்று என்னிடம் கேட்டார். நடந்துவிடுவார் என்றேன்.

நடக்கத்தான் செய்தார். என் தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் கம்போடு, ஒவ்வோர் அடியையும் பார்த்து வைத்தார். செண்பகாதேவி அருவியைத் தாண்டியதும் வழி குறுகியது. அட்டைக்குப் பயந்து காலில் மூக்குப்பொடியும் எண்ணெயும் தடவிக்கொண்டோம். நாங்கள் நிற்கிற இடத்திலெல்லாம் அவருக்குப் பார்ப்பதற்கு ஏதாவது இருந்தது. மரத்தில் ஏறியிருந்த பூஞ்சை, யானைச் சாணியில் முளைத்திருந்த செடி, பாறையில் கசியும் நீர்க்கோடு.

"வெரசா வாங்க சார், நேரம் போவுது" என்று வாட்சர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பாவம், முந்தின நாளும் வேறு பக்கம் ஏறி இறங்கியவர்.

காட்டை விட்டு வெளியே வந்தபோது உச்சிவெயில். இடுப்பளவுப் புல், மிதித்தால் சுக்கு மணம். அண்ணாச்சி நின்று மூச்சு வாங்கினார். அவர் கண்ணில் நீர் வந்திருந்தது; வெளிச்சம் கூசியிருக்கலாம். "இன்னும் அந்த மேடு ஒண்ணுதான்" என்றார் வாட்சர். மேட்டின் பாதிக்கு வந்திருப்போம். மேற்கே, மலையாளத்துப் பக்கத்திலிருந்து மேகம் முகட்டைத் தாண்டி வழிந்து இறங்கியது. பொங்கி வரும் பாலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே நின்றோம். நாங்கள் மேட்டில் ஏறி முடித்தபோது முன்னால் ஒன்றுமே இல்லை. வெள்ளை.

"கீழச்சுனை எங்கன இருக்கு?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"இதான் சார். காலடியில."

குனிந்து பார்த்தேன். ஒரு முழத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. அதற்கு அப்பால் இல்லை. அண்ணாச்சி முழங்காலிட்டு உட்கார்ந்து கையைத் தண்ணீருக்குள் விட்டார். விறைக்கிற குளிர். எடுக்கவில்லை.

"விலகிரும். இருங்க, விலகிரும்" என்றார். எங்களைச் சமாதானப்படுத்துகிறார் என்று நினைத்தேன். இல்லை, தனக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

காத்திருந்தோம். ஈரம் சட்டைக்குள் இறங்கியது. புளியோதரையை நின்றுகொண்டே சாப்பிட்டோம். அவர் சாப்பிடவில்லை. மேகம் நகர்ந்துகொண்டேதான் இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு மேகம் இருந்தது. அந்த நேரத்தில் சங்கரி மட்டும் உற்சாகமாக இருந்தாள். கையை வீசி நடந்தாள். அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, என்னத் தெரியுதா?"

"தெரியலட்டி. ஓரத்துக்குப் போகாத."

"சித்தப்பா, உங்களுக்கு?"

"எனக்கும் தெரியல" என்றேன்.

"ஒருத்தருக்கும் தெரியல!" என்று அவள் சத்தமாகச் சிரித்தாள். அந்தப் பெண் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

வாட்சர் நாலாவது தடவையாகக் கூப்பிட்டபோது குரல் கடுமையாக இருந்தது. "சார், இதுக்கு மேல நின்னா காட்டுக்குள்ள இருட்டிரும். யானை நிக்கித எடம். எனக்குத்தான் வேல போவும்." அண்ணாச்சி எழுந்தார். மேலச்சுனை இருந்த திசையை வாட்சரிடம் கேட்டு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார். பிறகு என் பை வாரைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

இறங்கும்போது மரங்களுக்குக் கீழே அப்போதே வெளிச்சம் குறைந்திருந்தது. எனக்கு வழி நன்றாகத் தெரிந்தது. முன்னால் வாட்சர், அவருக்குப் பின்னால் சங்கரி, பிறகு மதினி, கடைசியில் நானும் அண்ணாச்சியும். சங்கரி ஒரு வேரில் தடுக்கினாள். "செருப்பு வழுக்குது" என்றாள். சற்றுத் தூரத்தில் மறுபடி தடுக்கினாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கால் தடுக்கவில்லை. ஆனால் வாட்சரின் சட்டை நுனியை அவள் பிடித்திருந்தது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. மதினிக்கும் தெரிந்திருக்கும்.

அண்ணாச்சி என் பையை இழுத்து நிறுத்தினார்.

"தம்பி, முன்னால நடக்குதது யாரு?"

"வாட்சர். பெறகு சங்கரி."

"கேளுங்க. காலைத் தூக்கி வைக்காம, நுனிவிரலால தட்டிப் பாத்துட்டு வைக்குத சத்தம். கேக்குதா?"

கேட்டது. சருகில் மெல்ல ஒரு தட்டு, பிறகு ஓர் அடி. மெல்ல ஒரு தட்டு, பிறகு ஓர் அடி.

"அது என் நடைல்லா" என்றார்.

நான் ஏதாவது சொல்வதற்குள் குரல் கொடுத்துவிட்டார். "ஏட்டி சங்கரி. அங்கனயே நில்லு."

எல்லோரும் நின்றோம். அவர் என்னை விட்டுவிட்டு, கம்பால் தடவிக்கொண்டு, மதினியைத் தாண்டி அவளிடம் போனார்.

"உன் காலுக்கு முன்னால வேர் கெடக்கா?"

அவள் குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "கெடக்குப்பா" என்றாள்.

அங்கே வேர் இல்லை. மண்தரைதான். வாட்சர் வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி வேண்டாம் என்றேன். ஆனால் அண்ணாச்சியின் கம்பு அதற்குள் அந்த இடத்தைத் தடவிவிட்டது. மண்ணில் ஒருமுறை, இன்னொரு முறை.

"எப்பலருந்து?" என்று கேட்டார்.

அவள் அந்த மண்ணைச் செருப்பு நுனியால் தடவினாள்.

"சொல்லு. அப்பா ஏச மாட்டேன்."

"எட்டாங் கிளாஸ்லருந்து."

"பெறகு காய எப்படிட்டி எடுத்த?"

"உருளுத சத்தத்த வச்சு. எங்கன போயி நிக்குதுன்னு கேட்டுருவேன்." அவள் அழவில்லை. "நான் எடுத்துத் தந்தா அன்னைக்கு நீங்க சிரிச்சுக்கிட்டு இருப்பீங்கல்லாப்பா."

நான் மதினியைப் பார்த்தேன். "என்னட்டி சொல்லுத?" என்று அவர் கேட்கவில்லை. தலையில் அடித்துக்கொள்ளவும் இல்லை. வாசலில் கிடக்கும் செருப்பையும் வாளியையும் இத்தனை நாளும் அண்ணாச்சி ஒருவருக்காக மட்டும் மதினி ஒதுக்கிவைக்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரிந்தது.

அண்ணாச்சி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, தன் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, அந்த மங்கலில் எதையாவது பார்த்துவிட முடியுமா என்று பார்த்தார். கண், நெற்றி, வாய், மறுபடியும் கண். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவளுக்கும்தான்.

"மாமா, எந்திரிங்க" என்றார் மதினி. "இருட்டுதுல்லா."

வாட்சருக்கும் விளங்கிவிட்டது. தன் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து ஒரு நுனியைச் சங்கரியிடம் கொடுத்து மறுநுனியைப் பிடித்துக்கொண்டார். அப்படியேதான் இறங்கினோம். அண்ணாச்சி மறுபடி என் பை வாரைப் பிடித்துக்கொண்டார். ஒருமுறை மட்டும் அவர் கை என் பையிலிருந்து நழுவியது. திரும்பிப் பார்த்தேன். கையை முகத்துக்கு முன்னால் நீட்டி, விரலை அசைத்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு மதுரைக்குப் போனார்கள். டாக்டர் சங்கரிக்கும் அதையேதான் சொன்னாராம். அண்ணாச்சியின் வட்டம் அந்த வருஷத்திலேயே ரொம்பச் சுருங்கிவிட்டது. காய் ரகம் பிரிப்பதில் தப்பு வரத் தொடங்கியது. கடைக்காரர் நல்ல மாதிரியாகத்தான் சொல்லி நிறுத்தினார். வாசுதேவநல்லூரில் மதினியின் அம்மா, அதாவது அவருடைய அக்கா, தனியாக இருந்தார். அங்கே போய்விடுவது என்று முடிவானது.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் பார்க்கப் போனேன். நல்ல வெயில். வீட்டில் சாமான்களைக் கட்டி நடுக்கூடத்தில் அடுக்கியிருந்தார்கள். அண்ணாச்சி சுவரைப் பார்த்த மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வந்ததைச் செருப்புச் சத்தத்தில் தெரிந்துகொண்டு, "வாங்க தம்பி" என்றார். மேற்கொண்டு என்ன பேசுவது என்று தெரியவில்லை. அங்கே பள்ளிக்கூடம் எப்படி, தண்ணீர் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு தானாகவே ஆரம்பித்தார்.

"அவளுக்கு இன்னும் கொஞ்ச வருசம் இருக்குன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு இருந்த மாதிரி. அதுக்குள்ள என்னத்தக் காட்டலாம்னு ஒக்காந்து யோசிக்கேன் தம்பி."

கட்டிவைத்த ஒரு மூட்டையின் முடிச்சை இறுக்கினேன்.

"ராத்திரி பகலா யோசிக்கேன். எம்புட்டோ பாத்தேன்ல்லா. அதுல ஒண்ணு, இத நீ பாத்துக்கிடு, இது போதும்னு ஒண்ணு சொல்லணும்." விரல்களால் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஒண்ணும் தோண மாட்டேங்கு."

உள்ளே சங்கரி துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நடுப்பகலில் எல்லா அறையிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.